அர்த்தநாரி போட்டுக்கொண்ட ஊசி

அர்த்தநாரியின் பெயரை என் நோட்டில் முதன்முதலாக எழுதியது 2019 ஜனவரி 17, வியாழக்கிழமை, காலை 8.50க்கு. மாதிரியைக் கொண்டுவந்தது அவர் மனைவி செல்வப்பிரியா. வடகரப்பதியிலிருந்து எங்கள் லேப் இருக்கிற பாலக்காட்டுச் சித்தூருக்கு மோட்டார் சைக்கிளில் நாற்பது நிமிடம் ஆகும். விந்து மாதிரி, எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும், வழியில் குளிர்ந்துவிடவும் கூடாது என்று முதல்நாள் போனில் சொல்லியிருந்தேன். அந்தப் பெண் டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"வண்டியில காத்து சில்லுன்னு அடிச்சுதுங்க சாமி. சூடு ஆறக்கூடாதுன்னு இப்படியே புடிச்சுக்கிட்டு வந்துட்டேன்."

"எடுத்த நேரம்?"

"எட்டு அஞ்சுங்க. கடியாரத்தப் பாத்துத்தான் கெளம்புனோம்."

அவருக்குப் பின்னால் கணவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அதைக் கழட்டலாமே" என்றேன்.

"தெரிஞ்சவங்க ஆராச்சும் வந்துட்டாச் சங்கடமுங்க."

"லேபுக்குள்ள ஹெல்மெட்டோட நிக்கறவரைத்தான் எல்லாரும் முதல்ல பாப்பா."

செல்வப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கழட்டுங்க மாமா. நகைக்கடையில திருட வந்தவன்னு நெனைச்சுக்கப் போறாங்க."

கழற்றினார். முப்பத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பு. கன்னத்தில் தாடி அங்கங்கே விட்டுவிட்டு முளைத்திருந்தது. தொழில் என்ற இடத்தில் மோட்டார் மெக்கானிக் என்று எழுதச் சொன்னார். வடகரப்பதிப் பக்கம் எண்ணூறு அடி, ஆயிரம் அடி ஆழத்துக்குப் போர் போட்டிருக்கிறார்கள். அதற்குள் இறக்கிய மோட்டார் எரிந்துபோனால் வெளியே இழுத்து, கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றி, மறுபடி இறக்கிக் கொடுப்பது அவர் வேலை. வீட்டுத் தொட்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் மிதவை சுவிட்ச் மாட்டுவதும் அவரே. கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை.

அவரைப் பற்றி எழுதட்டுமா என்று நான் கேட்டபோது, "எழுதுங்க சாமி. பேர மட்டும் மாத்தீருங்க. ஊசியப் பத்தி ஒண்ணுகூட உடாம எழுதுங்க" என்றார். பெயர்களை மாற்றியிருக்கிறேன். தேதிகளும் எண்ணிக்கைகளும் நோட்டில் உள்ளவை. அரசு ஆஸ்பத்திரி லேபில் முப்பத்தொரு வருடமும் பிறகு இந்தத் தனியார் லேபிலும் இருந்திருக்கிறேன். என் கையால் எண்ணிய ஒவ்வொன்றும் தனி நோட்டில் இருக்கிறது.

அன்றைய எண்ணிக்கை, ஒரு மில்லி விந்தில் தொண்ணூறு லட்சம் அணுக்கள். ஏறக்குறைய ஒன்றரைக் கோடிக்கு மேல் இருந்தால் இயல்பு என்று வைத்திருக்கிறார்கள். குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. பாலக்காட்டிலிருந்து ஓர் அம்மா டாக்டர் வியாழக்கிழமை தோறும் சித்தூருக்கு வந்து பார்ப்பார். அவர் அர்த்தநாரியைச் சோதித்துவிட்டு, பீடியை விடச் சொன்னார், எரிகிற வெயிலில் நாள் முழுக்க நிற்பதைக் குறைக்கச் சொன்னார், மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணச் சொன்னார்.

ஏப்ரல் 25 அன்று எண்ணினேன். ஒரு கோடியே இருபது லட்சம். எங்கள் லேபில் ரத்தம் எடுக்கிற மலையாளப் பெண் ஜோமோள் ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுக்கும்போது எட்டிப் பார்த்துவிட்டு, "சேட்டா, இப்போ நீங்க கோடீஸ்வரனாக்கும். எங்களுக்கு லட்டு எவிடே?" என்றாள். அடுத்த வியாழக்கிழமை உண்மையாகவே அரைக் கிலோ லட்டு வந்தது. டாக்டர், இன்னும் ஆறு மாதம் இப்படியே போகட்டும், அதற்குள் ஆகாவிட்டால் கர்ப்பப்பைக்குள் விந்தைச் செலுத்தும் சிகிச்சை செய்யலாம், வழி இருக்கிறது என்றார்.

அந்த ஆறு மாதத்தை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவருடைய தகப்பனார் கந்தப்பன் அவர்கள் சமுதாயத்தில் அருமைக்காரர். கல்யாணச் சீர்களை முன்னின்று நடத்திவைப்பவர். ஐயர் இல்லாமல்கூட அவர்கள் கல்யாணம் நடக்கும். அருமைக்காரர் இல்லாமல் நடக்காது. பிள்ளை பெற்றவர்தான் அந்தப் பொறுப்புக்கு வர முடியும். 2019 மே மாதம் ஒரு கல்யாணத்தில் கந்தப்பனுக்கு முட்டி வலி. உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. மகன் போய்த் தூக்கிவிட்டிருக்கிறார். அப்போது பந்தலில் ஒருவர், "அப்பனத் தூக்கறது இருக்கட்டும் அர்த்தநாரி, அப்பன் எடத்தத் தூக்கறதுக்கு எப்பப் புள்ள பெக்கப் போற?" என்று கேட்டாராம். கேட்டவர் சிரிப்புக்குத்தான் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அர்த்தநாரியும் சிரித்ததாக என்னிடம் சொன்னார்.

மறுவாரம் சித்தப்பா மகன் ரமேஷ்குமார் அவரைக் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். ரமேஷ்குமார் ஜிம்முக்குப் போகிறவன். அவன் தோளும் கையும் பார்த்தாலே தெரியும். "அண்ணா, உங்களுக்கு ஆம்பள ஹார்மோன் கம்மி. அத ஏத்துனா எல்லாம் தானா வரும்" என்றானாம். கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் சற்றே குறைவு என்றார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. 2019 ஜூன் 8 அன்று முதல் ஊசி.

எங்கள் எல்லைப்புறத்துக்கென்று ஒரு பழக்கம் உண்டு. காய்ச்சல், சர்க்கரை என்றால் கேரளத்துப் பக்கம் காட்டுவார்கள். வெளியில் சொல்ல முடியாதது என்றால் செக்போஸ்ட் தாண்டிப் போவார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் அதே காரணத்துக்காக இந்தப் பக்கம் வருவார்கள். ஒரு பக்கத்துச் சீட்டை மறுபக்கத்து டாக்டரிடம் காட்டுவதில்லை. காட்டினால் இவரை நம்பாமல் அங்கே போனோம் என்று ஆகிவிடும் என்று பயம். அம்மா டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்டார்: வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா? ஒவ்வொரு முறையும் அர்த்தநாரி, "இல்லீங்க" என்றார். அது பொய் என்று அவர் நினைக்கவும் இல்லை. உடம்பில் குறைவதைக் கொடுப்பது சத்து; மருந்து என்பது நோய்க்கு.

ஆகஸ்ட் 22 அன்று வந்தார். எனக்கு ஒரு நிமிடம் ஆள் அடையாளம் தெரியவில்லை. சட்டை தோளில் இறுகியிருந்தது. தாடி இரண்டு கன்னமும் நிறைந்திருந்தது. குரல்கூடக் கொஞ்சம் கனத்திருந்தது.

"சாமி, அஞ்சு எச்.பி. மோட்டார ஒத்த ஆளாத் தூக்கி வண்டியில வெக்கறனுங்க."

செல்வப்பிரியா என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு வெட்கம் இருந்தது. வீட்டில் நன்றாக இருக்கிறார்கள் என்று தெரிந்தது.

அன்று எண்ணியது முப்பது லட்சம். இரண்டு முறை எண்ணினேன். இரண்டிலும் அதுவே.

இங்கே என்னுடைய பங்கையும் எழுதிவிட வேண்டும். 2007இல் இதே லேபில், போட்டிகளுக்குப் போகிற ஓர் உடற்பயிற்சிக்காரருக்கு எண்ணினேன். பூஜ்யம். அவர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகு டாக்டர் சொன்னார். ஆகவே அகன்ற தோளும் இறங்குகிற எண்ணிக்கையும் ஒன்றாக வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. எண்ணுவது எங்கள் வேலை, அர்த்தம் சொல்வது டாக்டர் வேலை என்று சர்வீசில் சேர்ந்த முதல் நாள் கற்றுக்கொடுத்தார்கள். நாற்பத்து நான்கு வருடம் அதை மீறியதில்லை. டாக்டரோ வேறு மருந்து இல்லை என்ற பதிலை வைத்துக்கொண்டு யோசித்தார். ஒரு காய்ச்சல் வந்தால்கூடச் சில மாதம் எண்ணிக்கை இறங்கும். இன்னொரு முறை பார்ப்போம் என்றார்.

டிசம்பர் 5. கண்ணாடித் தகட்டில் ஒன்றும் இல்லை. மாதிரியை மெஷினில் வேகமாகச் சுற்றவிட்டு, அடியில் தங்கியதை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. இரண்டு வாரம் கழித்து 19ஆம் தேதி மறுபடி கொண்டுவரச் சொன்னேன். அன்றும் பூஜ்யம்.

"ஒண்ணுகூட இல்லீங்களா?"

"இல்லை."

"மைக்ராஸ்கோப்பு சரியா இருக்குதுங்களா?"

"இதுக்கு முன்னால பாத்தவருக்கு ஆறு கோடி இருந்தது."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் மெஷினைக் கேட்டார், நான் மெஷினைப் பற்றிச் சொன்னேன்.

டாக்டர் ஹார்மோன் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். அதைச் செய்திருந்தால் அன்றே எல்லாம் வெளிவந்திருக்கும். அர்த்தநாரி செய்யவில்லை. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் மாதாமாதம் அதே ஹார்மோனைப் பார்த்து, பிரமாதமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹார்மோன் நிறைய இருக்கிறது, அணு ஒன்றுகூட இல்லை என்றால், தன் உடம்பில் இதற்கு வழியே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார். இருந்த தொண்ணூறு லட்சமும் எங்கே போனது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. வயதாக ஆக வற்றிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். அவர் வேலை பார்க்கிற போர்களில் பாதி அப்படித்தான் வற்றின.

2020 மார்ச்சில் செல்வப்பிரியா அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். அது செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், ஏழு கிலோமீட்டர். அந்த வாரம் ஊரடங்கு வந்தது. சின்னச் சின்ன ஊர்வழிகளில் எல்லாம் மண்ணைக் கொட்டி அடைத்தார்கள். மனைவி அந்த மாநிலத்தில், கணவர் இந்த மாநிலத்தில். ஊசி மருந்து மட்டும் வந்துகொண்டிருந்தது. பாதி தமிழ்நாட்டிலும் பாதி கேரளத்திலும் இருக்கிற ஒரு தென்னந்தோப்புக்குள் ரமேஷ்குமார் குப்பிகளைக் கொண்டுவந்து கொடுப்பான். ஒரு முறை கிடைக்கத் தாமதமானபோது உடம்பு தளர்ந்து, எதிலும் மனம் ஒட்டாமல் போயிற்றாம். ஊசி இல்லாவிட்டால் தான் ஆளே இல்லை என்று அதற்கும் ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டார்.

வழி திறந்தபோது செல்வப்பிரியா போன் செய்தார். வர வேண்டாம் என்றார் இவர்.

"ஏன் மாமா?"

"எனக்கு ஒண்ணுமில்ல புள்ள. ஒண்ணுகூட இல்ல. உனக்கு முப்பத்தொண்ணு. இன்னொரு பக்கம் போனா ரெண்டு வருசத்துல கையில கொழந்த இருக்கும்."

"நான் கேட்டனா?"

"நீ கேக்க மாட்ட. அதனாலதான் நான் சொல்றேன்."

எட்டு மாதம் இதே பேச்சு நடந்திருக்கிறது. அவர் பிடிவாதக்காரர். வாயால் சொல்லி முடியாதபோது பேசாமல் இருந்து சாதித்தார். 2021 ஜூனில் இருவரும் சேர்ந்து விவாகரத்து மனுக் கொடுத்தார்கள். 2022 ஜனவரியில் தீர்ந்தது.

அதே வருடம் மார்ச் 10, வியாழக்கிழமை. தலைவலி, தலைச்சுற்றல் என்று வந்தார். முகம் செக்கச் சிவந்திருந்தது. ஜோமோள் ரத்தம் எடுத்தாள். ஹீமோகுளோபின் 19.2. ஆண்களுக்குப் பதினேழைத் தாண்டினாலே அதிகம். ரத்தம் அவ்வளவு கெட்டியாகும்படி எது செய்யும் என்று யோசித்தேன். பழைய நோட்டை எடுத்தேன். தொண்ணூறு லட்சம், ஒரு கோடி இருபது, முப்பது லட்சம், பூஜ்யம், பூஜ்யம். அவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"உக்காருங்கோ. நான் ஒண்ணு கேக்கப்போறேன், அது என் வேலை இல்லை. ஊசி ஏதாவது போட்டுக்கறேளா?"

"சத்து ஊசிங்க."

"எந்த ஊசி? பேர்?"

போனில் இருந்த குப்பியின் படத்தைக் காட்டினார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டே முக்கா வருசமாச்சுங்க சாமி. ஏனுங்க?"

முதல் ஊசியின் தேதியைக் கேட்டு வாங்கி, எண்ணிக்கைகளின் தேதிகளோடு சேர்த்து ஒரே தாளில் எழுதினேன். அந்தப் பக்கத்துக் கணக்கும் இந்தப் பக்கத்துக் கணக்கும் ஒரு தாளில் சேர்ந்தது அன்றுதான். எழுதி முடித்தபோது யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாளைக் கொடுத்து டாக்டரிடம் அனுப்பினேன்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். டாக்டர் சொன்னதைத் தன் பாஷையில் எனக்குச் சொன்னார்.

"நம்ம தொட்டிக்கு மிதவை மாட்டறமல்லங்க? தண்ணி கொறஞ்சா மிதவை எறங்கும், மோட்டார் ஓடும். நெறஞ்சா மோட்டார் நின்னுபோகும். ஒடம்புலயும் அப்படித்தானாமுங்க. ரத்தத்துல ஹார்மோன் எவ்வளவு இருக்குதுன்னு தலைக்குள்ள ஒரு மிதவை பாத்துக்கிட்டே இருக்குமாம். கொறஞ்சா, ஓடுடான்னு கீழ விரைக்குச் சொல்லும். விரை அங்கயே ஹார்மோனச் சுரக்கும். அணு ஊறறது அந்த ஹார்மோன்லதானுங்களாம். ரத்தத்துல இருக்கறதப் போலப் பல மடங்கு அங்க இருக்கோணுமாம்."

"ஆமாம்."

"நான் வெளிய இருந்து லாரித் தண்ணி வாங்கித் தொட்டியில ஊத்தியிருக்கேன். தொட்டி ரொம்பி வழியுது. மிதவை மேலயே நிக்குது. மோட்டார் ஓடவே இல்ல. தோட்டத்துக்குப் போற பைப்பு தொட்டியில இருந்து போகலீங்க சாமி, மோட்டார்ல இருந்து நேராப் போகுது. தோட்டம் காஞ்சுபோச்சு."

நான் தலையசைத்தேன். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடிந்திருக்காது. தாடியும் தோளும் குரலும் ஆசையும் ரத்தத்தில் இருக்கிற ஹார்மோனைக் கொண்டு வளர்வன. விந்தணு விரைக்குள் சுரப்பதைக் கொண்டுதான் வளரும். அது உருவாகி முடிய இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். ஊசியால் ரத்தத்தை நிரப்பலாம். விரைக்குள் நிரப்ப முடியாது. வெளியே ஆண்பிள்ளையாக ஆக ஆக உள்ளே ஒன்றுமில்லாமல் போனார்.

"விரை சிறுத்துப்போச்சுங்க" என்றார், தரையைப் பார்த்தபடி. "அப்பவே தெரிஞ்சுது. ஆருகிட்டச் சொல்றது? நூறு ஊட்டுக்கு மிதவை மாட்டியிருக்கேன் சாமி. மோட்டார் ஓடலீன்னு கூப்புட்டா, மொதல்ல தொட்டி ரொம்பியிருக்குதான்னு பாருங்கன்னு நாந்தான் சொல்லுவேன்."

பிறகு கேட்டார்: "இத அன்னைக்கு நீங்க கேட்டிருந்தீங்கன்னா?"

"கேட்டிருக்கணும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நானும் சொல்லியிருக்கோணுமுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

ஊசியை நிறுத்திவிட்டால் மிதவை இறங்கும், பெரும்பாலும் திரும்ப வரும், ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம், முதலிலேயே குறைவாக இருந்ததால் உறுதி சொல்ல முடியாது என்பது டாக்டர் சொன்னது. விரையைத் தட்டி எழுப்ப வேறு ஒரு ஊசி உண்டு, போடட்டுமா என்றும் கேட்டிருக்கிறார். அர்த்தநாரி ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கோடை அவருக்கு மோசமாக இருந்தது. உடம்பு வடிந்தது. மோட்டார் இழுக்க ஆள் வைத்துக்கொண்டார். பகலில் படுத்தே கிடப்பதாகக் கந்தப்பன் சொல்லி அனுப்பினார். ஜூன் 16 அன்று எண்ணினேன்: பூஜ்யம். ஆகஸ்ட் 18: பூஜ்யம்.

ஆகஸ்ட் 20, சனிக்கிழமை காலை, செல்வப்பிரியா தனியாக வந்தார். ரமேஷ்குமார் வழியாக அவருக்குச் செய்தி போயிருந்தது. செல்வப்பிரியாவுக்கு உடுமலையில் ஒரு வரன் பேசி, செப்டம்பர் 11க்கு நாள் குறித்திருந்தார்கள்.

"சாமி, ஊசியாலதான் போச்சாமா? நெசமுங்களா?"

"ஆமாம்மா."

"திரும்ப வருமுங்களா?"

இன்னொருவருடைய ரிப்போர்ட்டைச் சொல்லக் கூடாது. சட்டப்படி அவர் அப்போது மனைவியும் இல்லை. ஆனாலும் சொன்னேன். "ரெண்டு வருஷம் வரைக்கும் ஆகலாம்னு டாக்டர் சொல்லறா. வராமலும் போகலாம்."

"இப்ப என்ன இருக்குதுங்க?"

நோட்டைத் திறந்து பார்த்தேன். "முந்தாநாள் எண்ணினது. பூஜ்யம்."

"ஒண்ணு ரெண்டாச்சும் இருந்தாச் சொல்லுங்க சாமி. நான் போயி நாள நிறுத்தீர்றேன்."

"இல்லைம்மா."

"போகச் சொன்னதும் அவரு. திரும்பக் கூப்புடாததும் அவரு. ரெண்டு வருசம் காத்திருன்னு ஒரு வார்த்த அவரு வாயால வந்திருந்தா..." அவர் முடிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அர்த்தநாரி ஏன் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். வந்தால் சரி, வராவிட்டால் அவளை இரண்டாம் முறையும் ஏமாற்றினவன் ஆவேன் என்றார்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. டிசம்பர் 15 அன்று, சுற்றவிட்ட மாதிரியின் அடியில் மூன்று அணுக்களைப் பார்த்தேன். ஒன்று வாலை அசைத்துக்கொண்டிருந்தது. 2023 மார்ச் 16: நாற்பது லட்சம். ஜூன் 15: ஒரு கோடியே நாற்பது லட்சம்.

ஜோமோளுக்கு நடுவில் நடந்தது தெரியாது. ஒரு வருடம் வேறு கிளையில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சேட்டா, பின்னயும் கோடீஸ்வரன்! சேச்சி எவிடே, வந்தில்லே?" என்று கேட்டாள். அவர், "அவங்க உடுமலையில இருக்காங்க" என்று மட்டும் சொன்னார். ஜோமோள் அம்மா வீடு என்று நினைத்துக்கொண்டாள்.

என்னிடம் வந்தார். "இது போதுமுங்களா சாமி?"

"போதும். முன்னால இருந்ததைவிட ஜாஸ்தி."

"அவளுக்கு ஏழாம் மாசமாம்." ரிப்போர்ட்டை நான்காக மடித்தார். "இது அவளுக்குத் தெரியக்கூடாதுங்க. தெரிஞ்சா, அந்தக் கொழந்தயத் தூக்கறப்பல்லாம் பத்து மாசம் பொறுத்திருக்கலாமோன்னு நெனைப்பா. கொழந்தைக்கு அது ஆகாது."

சரி என்றேன். அடுத்த எண்ணிக்கைக்கு எப்போது வருவார் என்று கேட்கவில்லை. வீட்டில் வேறு பெண் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதையும் கேட்கவில்லை. இவர் எதற்கும் ஒப்பவில்லை என்று பின்னால் தெரிந்தது. கந்தப்பனுக்குப் பிறகு அருமைக்காரராக அவர் தம்பி மகன் வருவான் என்று ஊரில் முடிவாயிற்று.

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை, செல்வப்பிரியா எங்கள் லேபுக்குக் குழந்தையோடு வந்தார். அம்மா வீட்டுக்கு வந்த இடத்தில் குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். சித்தூர்க் குழந்தை டாக்டர் ரத்தம் பார்க்க எழுதிக்கொடுத்திருந்தார். பெண் குழந்தை. ஐந்தரை மாதம். ஜோமோள் குதிகாலில் குத்தி எடுத்தாள். குழந்தை அழுது ஓய்ந்ததும் செல்வப்பிரியா என் மேஜைக்கு வந்தார்.

"அவரு அப்பறம் வந்தாருங்களா சாமி?"

"வந்தார்."

"இப்ப எப்படி இருக்குதுங்க?"

"அதை வெளியில சொல்லப்படாதும்மா. லேப் சட்டம்."

அவர் என்னையே பார்த்தார். "அன்னைக்குச் சொன்னீங்களே. அன்னைக்கு அந்தச் சட்டம் இல்லீங்களா?"

ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம். பூஜ்யம் என்றே சொல்லியிருக்கலாம். வாயில் பொய்யான எண் வரவில்லை. என் மௌனத்தை அவர் படித்துவிட்டார். முகம் கொஞ்சம் வெளுத்தது. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினார்.

"சரிங்க சாமி" என்றார். "நான் வந்து கேட்டன்னு அவருகிட்டச் சொல்ல வேண்டாமுங்க."

அதையும் என்னால் காக்க முடியவில்லை. மார்ச் மாதம் எங்கள் லேபின் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று அர்த்தநாரியைக் கூப்பிட்டிருந்தோம். வேலை முடிந்து கை கழுவிக்கொண்டு வந்தவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவளுக்குத் தெரிந்துபோனது என் தவறு என்றேன். அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை காய்ந்த பிறகும் துடைத்தார்.

"கொழந்த நல்லா இருக்குதுங்களா?"

"காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல்தான். சரியாகியிருக்கும்."

"எட எவ்வளவுங்க?"

குழந்தை டாக்டரின் சீட்டில் இருந்ததை நான் நோட்டில் எழுதிவைத்திருந்தேன். "ஆறு கிலோ நானூறு."

"அரை எச்.பி. மோட்டாரு கனமுங்க" என்றார் அர்த்தநாரி. துண்டைத் தோளில் போட்டுவிட்டு, அந்தக் கனத்தை வாங்குகிறவர்போல இரண்டு கைகளையும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். ஜோமோள் உள்ளே வருகிற சத்தம் கேட்டது. கைகளை இறக்கிக்கொண்டு, ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு போனார்.